மோட்டாருக்கு நீர் சரியாகப் பிரிகிறதா?

திருச்சிக்காரரிடம் போய் மோட்டார் படகு பற்றிப் பேச்செடுத்தால் மேலும் கீழும் பார்ப்பார். நியாயம்தான். வருஷத்தில் பல மாதம் காவிரிப் பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தால் என்ன தெரிகிறது? மணல். மணலுக்கு நடுவே நாணல். நாணலுக்கு நடுவே நாலு பையன்கள், மூணு குச்சி, ஒரு டென்னிஸ் பந்து. "இதுல படகு விட்டு எங்கே சார் போறது, லாங் ஆனுக்கா?" என்பார்.

அதே ஆறு இன்னொரு நாள் வேறு முகம் காட்டும். 1924 ஜூலை வெள்ளம், தாத்தா சொல்லி அப்பா கேட்ட கதை. 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடித்தாச்சு, இனி கவலை இல்லை என்று இருந்துவிட முடிந்ததா? 2005 நவம்பரில் கோரையாறும் குடமுருட்டியும் கரை மீறி ஊருக்குள்ளேயே வந்து விசாரித்துவிட்டுப் போயின. 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி முக்கொம்பில், ஆர்தர் காட்டன் காலத்து (1836) மேலணையின் கொள்ளிடம் பக்கம், 45 மதகுகளில் ஒன்பது பெயர்ந்து ஆற்றோடு போயின. அதற்குச் சில நாள் முன்புதான் பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் ஒரு பகுதி சாய்ந்திருந்தது. அந்த நாட்களில்தான் பலருக்கு ஞாபகம் வந்தது, ஸ்ரீரங்கம் ஒரு தீவு என்று! தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவே பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார். டவுன் பஸ்ஸில் போய் வருகிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கப் போகிறது?

ஆற்றங்கரைத் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மொட்டை மாடியில் பாட்டி, இரண்டு குழந்தைகள், ஒரு ஆடு. இந்த நேரத்தில் காற்றடைத்த ரப்பர் படகு ஒன்று வருகிறது. அதன் பின்பக்கம், தலைகீழாக நிறுத்திய மிக்ஸி மாதிரி ஒரு சாமான் தொங்குகிறது. அதுதான் அவுட்போர்டு மோட்டார். இந்தக் கட்டுரையின் கதாநாயகன். வில்லனும் அவரேதான், சில சமயம்.

என்ஜின் ஓடும்போது அதன் பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டையிலிருந்து தண்ணீர் தாரையாகப் பீச்சிக்கொண்டிருக்கும். சின்னப் பையன்கள் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்கள் என்ன நினைத்துச் சிரிக்கிறார்களோ, மெக்கானிக்குகள் உலகம் முழுக்க அதைத்தான் நினைத்துப் பேர் வைத்திருக்கிறார்கள். நாகரிகமான பெயர் 'டெல்டேல்'. கோள்சொல்லி! உள்ளே நடப்பதை வெளியே வந்து சொல்லிவிடுகிற ஆசாமி. ஆபீஸுக்கு ஒருத்தர் இப்படி இருப்பாரே, அவரேதான்.

அது சொல்கிற கோள் என்ன? 'என்ஜினுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது, குளிர்ந்துகொண்டிருக்கிறது.' அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வரியில்தான் பாட்டியும் குழந்தைகளும் (ஆடும்) கரை சேருவது இருக்கிறது.

உங்கள் பைக் என்ஜினைச் சுற்றி அப்பளம் அடுக்கிய மாதிரி தகடுகள் இருக்கும். காற்று பட்டுச் சூடு தணியும். காருக்கு ரேடியேட்டர். படகு மோட்டாருக்கு இரண்டும் கிடையாது. ஆறே ரேடியேட்டர். கீழே புரொப்பல்லருக்குச் சற்று மேலே சல்லடை மாதிரித் துளைகள். அதன் வழியாக ஆற்று நீரை உறிஞ்சி, ஒரு குழாயில் மேலே ஏற்றி, சிலிண்டரைச் சுற்றி ஓட்டி, சூட்டை வாங்கிக்கொண்டு புகையோடு சேர்த்துக் கீழேயே விட்டுவிடும். அதில் ஒரு சின்னக் கிளையைத்தான் வெளியே பீச்சிக் காட்டுகிறது. உள்ளே பெட்ரோல் எரிகிற இடத்தில் ஒரு கணம் 2000 டிகிரியைத் தாண்டும். பிஸ்டனோ அலுமினியம், 660 டிகிரியில் உருகிவிடும். நடுவில் நின்று சமாதானம் பண்ணுவது அந்தத் தண்ணீர் ஒன்றுதான்.

தண்ணீரை மேலே தள்ளுவது யார்? ஆறு இதழ் உள்ள ஒரு ரப்பர் பூ. பெயர் இம்பெல்லர். நடுத்தர மோட்டாரில் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். என்ஜினிலிருந்து கீழே இறங்கும் தண்டிலேயே இதை மாட்டியிருப்பதால், என்ஜின் நிமிஷத்துக்கு 5000 சுற்றுச் சுற்றினால் இதுவும் 5000. ஒரு எவர்சில்வர் கிண்ணத்துக்குள் சுற்றுகிறது. நட்ட நடுவில் இல்லை, ஒரு ஓரமாக ஒதுங்கி. சூட்சுமமே அங்கேதான். இடம் அகலமான பக்கம் இதழ்கள் விரிந்து தண்ணீரை உள்ளே இழுக்கும். குறுகின பக்கம் மடங்கி, தண்ணீரைப் பிதுக்கி மேலே அனுப்பும். காலை 9 மணி சத்திரம் பஸ்ஸில் முன்வாசலில் ஏறினவர், தான் ஒரு முயற்சியும் செய்யாமலே பின்வாசலில் இறங்கிவிடுவார் பாருங்கள், அதே தத்துவம்.

இதைக் கண்டுபிடித்த பரம்பரையில் ஒரு பெயர் ஓலே எவின்ரூட். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். 1906 வாக்கில் ஒரு கோடை நாள், காதலி ஐஸ்க்ரீம் கேட்டாளாம். ஏரியின் அக்கரைக்குத் துடுப்புப் போட்டுப் போய் வாங்கி, திரும்பத் துடுப்புப் போட்டு வருவதற்குள் ஐஸ்க்ரீம் பாயசமாகிவிட்டது. அந்த எரிச்சலில் படகு மோட்டாரில் இறங்கினார் என்று கதை. 1909-லிருந்து விற்பனைக்கே வந்துவிட்டது. அந்தக் காதலியையே கல்யாணமும் செய்துகொண்டார். அவர் பெயர் தாங்கிய மோட்டார்களின் உற்பத்தி 2020-ல் நின்றுபோயிற்று. நம்மில் எத்தனையோ பேர் ஐஸ்க்ரீம் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். என்ன பிரயோஜனம்?

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரு காட்சியைக் கற்பனை பண்ணிக்கொள்ளுங்கள். வெள்ள நேரம். பேங்கில் வேலை பார்க்கும் நம்ம பையன் ஒருவன் தொண்டராகப் படகில் ஏறியிருக்கிறான். மோட்டார் பிடிப்பவர் அனுபவஸ்தர்.

"தம்பி, தண்ணி அடிக்குதா?"

"ஐயோ, அந்தப் பழக்கமெல்லாம் கிடையாதுண்ணே!"

"உன்னைக் கேக்கலப்பா, மோட்டாரைக் கேக்குறேன். பின்னாடி பாரு."

"அடிக்குதுண்ணே."

"எப்படி? பென்சில் கனமா, நூல் கனமா?"

"நூல்தாண்ணே. நடுவுல விக்கி விக்கி வருது."

இப்போது அண்ணன் முகம் மாறும். இனி அவர் கேட்கப்போகும் கேள்விகள், எட்டு மணி நேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்காத கிளார்க்கிடம் டாக்டர் கேட்கிற அதே கேள்விகள்தான். 'திடீர்னு குறைஞ்சுதா, நாளாக ஆகக் குறைஞ்சுதா?'

திடீர் என்றால் பாதிக் கவலை போயிற்று. கீழே சல்லடையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகாயத்தாமரை வேர், பூமாலை நார், கரையில் யாரோ விட்டுப்போன பழைய வேட்டி... எல்லாவற்றுக்கும் மேலே பிளாஸ்டிக் பை. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2018 ஆகஸ்டில் கேரளத்திலும் கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றி வந்து தெருத் தெருவாக ஜனங்களைக் காப்பாற்றினார்களே... கடல் பார்த்த மோட்டார்களுக்குத் தெரு வெள்ளம் புது அனுபவம். கடலில் காம்பவுண்டு சுவர் கிடையாது, கொடிக்கயிறு கிடையாது, மளிகைக்கடைப் பை இந்த அளவுக்குக் கிடையாது. வைத்தியம் சுலபம். என்ஜினை நிறுத்து, மோட்டாரைத் தூக்கிச் சாய், கையால் எடுத்துப் போடு. 'நிறுத்து' என்பதை இன்னொரு தரம் படியுங்கள். சுற்றுகிற புரொப்பல்லர் பக்கம் கை கொண்டுபோனவர்களுக்கு அப்புறம் எண்ணிக்கை பத்தாக வராது.

சல்லடை சுத்தம், ஆனாலும் நூல்தான் வருகிறது. அடுத்து, ஓட்டை அடைத்திருக்கிறதா? சிரிக்காதீர்கள், நம்ம ஊரில் இதுதான் முதல் சந்தேகமாக இருக்க வேண்டும். சுவிட்ச் போர்டு, சாவித் துவாரம், டைப்ரைட்டர் என்று எதையும் விட்டுவைக்காத மண்குளவிக்கு இந்த ஓட்டை தோதான வாடகை வீடு. அட்வான்ஸ் கூடக் கிடையாது! பத்து மாதம் ஓடாமல் கிடந்த மோட்டார் என்றால் குடும்பமே குடியிருக்கும். தூண்டில் நைலான் நரம்பு ஒரு சாண் எடுத்து மெதுவாக விட்டுக் குத்த வேண்டும். பிறகு மூடியைத் திறந்து, உள்ளே அந்த ஓட்டைக்கு வரும் ரப்பர் குழாயைக் கழற்றி, உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாக ஊத வேண்டும். வெளியிலிருந்து உள்ளே ஊதினால் மண் இன்னும் ஆழமாகக் குடியேறும்.

தாரை மெலிந்ததாலேயே என்ஜின் கொதிக்கிறது என்று அர்த்தமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிளை அடைத்திருக்கலாம், மெயின் பைப் ஒழுங்காக இருக்கலாம். மூடியைத் திறந்து சிலிண்டர் தலையில் ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். சும்மா வழிந்தால் பிழைத்தோம். தோசைக்கல் மாதிரி 'சுர்ர்' என்றால் உடனே நிறுத்த வேண்டிய கேஸ். (அதற்காகக் குடம் தண்ணீரைத் தலையில் கொட்டிவிடக் கூடாது. சூடான உலோகம் விரிசல் விடும். தானாக ஆறட்டும்.)

இதற்கு நேர்மாறான கேஸும் உண்டு. தாரை ஜோராக அடிக்கிறது, தலை மட்டும் கொதிக்கிறது. அது தெர்மோஸ்டாட் வேலை. சூடு சுமார் 50, 60 டிகிரி வந்ததும் திறந்து வழிவிட வேண்டிய வாசல் காவல்காரர். உப்போ மண்ணோ பிடித்தால் திறக்க மாட்டார். சில மோட்டார்களில் வெளியே வரும் தாரை இவரைத் தாண்டாமலே பிரிந்து வந்துவிடுவதால் கோள்சொல்லிக்கும் விஷயம் தெரியாது. கழற்றி, நூலில் கட்டி, பாத்திரத்து நீரில் தொங்கவிட்டு அடுப்பை ஏற்றுங்கள்; திறக்கிறாரா என்று கண்ணால் பார்த்துவிடலாம். காபி போடுகிற பாத்திரம் வேண்டாம், வீட்டில் பிரச்னை வரும்.

இனி அடுத்த கேள்வி. 'மெதுவா ஓடும்போது குறையுதா, வேகத்துலயா?' நின்று உறுமும்போது ஒழுங்காக இருந்து, வேகம் எடுத்ததும் விக்கினால், மோட்டாரைப் படகில் அதிக உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள். சல்லடை தண்ணீரோடு காற்றையும் சேர்த்துக் குடிக்கிறது. புரொப்பல்லருக்கு மேலே கிடைமட்டமாக ஒரு தகடு இருக்கும். அது படகின் அடிமட்டத்துக்குச் சமமாக, அல்லது ஒரு விரல் கீழே இருக்க வேண்டும். ஆனால் மெதுவாக ஓடும்போது அழுது வடிந்து, ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் மட்டும் சுமாராக வந்தால்... நம்ம ரப்பர் பூ வாடிவிட்டது.

வாடினது எதனால்? ஓடி ஓடி என்று நினைத்தால் தப்பு. காவிரிக்கரை மோட்டார் பெரும்பாலும் கெடுவது சும்மா கிடந்து! கிண்ணத்துக்குள் மடங்கின இதழ்கள் மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தால் அப்படியே மடங்கின வாக்கில் நின்றுபோகும். சம்மணம் போட்டு மூணு பந்தி உட்கார்ந்தவர் எழுந்திருக்கப் பார்க்கிற மாதிரி. அப்புறம் எவ்வளவு சுற்றினாலும் சுவரைத் தொடாது. தொடாவிட்டால் தண்ணீர் ஏறாது.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். மழைக்காலம் வருகிறது. முன்னேற்பாடுகளைப் பார்வையிட மேலதிகாரி வருகிறார். சிமெண்டுத் தரையில் ஸ்டாண்டு போட்டு, துடைத்து, பொட்டு வைத்து மோட்டாரை நிறுத்தியிருக்கிறார்கள். "எங்கே, ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க." ஒரே இழுப்பில் 'டுர்ர்ர்' என்று கிளம்புகிறது. அதிகாரி முகத்தில் புன்னகை. "இன்னும் கொஞ்சம் ரெய்ஸ் பண்ணுங்க." பண்ணுகிறார்கள். அரை நிமிஷம். கைதட்டல், போட்டோ, டீ, ரிஜிஸ்டரில் கையெழுத்து... 'நல்ல நிலையில் உள்ளது.'

இல்லை. கையெழுத்துப் போட்டபோது அது நல்ல நிலையில் இல்லை. அந்த ரப்பர் பூவுக்குத் தண்ணீர்தான் எண்ணெய். வறண்டு சுற்றினால் சில விநாடிகளிலேயே உராய்ந்து கருகத் தொடங்கிவிடும். பத்து மாதமாகக் காப்பாற்றி வைத்த சாமானை அந்த அரை நிமிஷச் சோதனையில் தீர்த்துவிட்டு, பாஸ் மார்க்கும் போட்டாயிற்று! எத்தனையோ மோட்டார்கள் வெள்ளத்தன்று பாதி ஆற்றில் படுத்துவிடுவதற்குக் காரணத்தை ஆற்றில் தேடிப் பிரயோஜனமில்லை. இன்ஸ்பெக்‌ஷனில் தேட வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன? ஒரு பெரிய நீல டிரம். மேலே சொன்னேனே, அந்தத் தகடு முழுகும்வரை தண்ணீர். அதற்குள் மோட்டாரை இறக்கி, கியர் போடாமல், மாதம் ஒரு தரம் பத்து நிமிஷம் ஓட்டுவது. எந்தத் தேதி? தமிழ் மாதம் 18 என்று வைத்துக்கொண்டால் மறக்காது. ஆடியில் காவிரிக்கும் சேர்த்து ஆகிவிடும். ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபப் படித்துறையில் எள் போட்டால் கீழே விழாத கூட்டம். அன்று காவலுக்கு நிற்கிற படகு தண்ணீர் பீச்சாத படகாக இருந்தால் என்ன அர்த்தம்?

பூவை மாற்றுவது பெரிய வித்தை இல்லை. கீழ்ப்பாதியைத் தாங்கும் போல்ட்டுகளைக் கழற்றி, கியர் கம்பியை விடுவித்தால் பாதி மோட்டார் கையோடு வந்துவிடும். பம்பைத் திறந்ததும் முதலில் கிண்ணத்தைப் பாருங்கள். நம்ம ஆற்று மணலுக்குக் கட்டிடக்காரர்களிடம் தனி மவுசு. கூர்மையான மணல். அதே கூர்மைதான் எவர்சில்வர் கிண்ணத்துக்குள் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறது. விரலில் வரி வரியாகத் தட்டுப்பட்டால் கிண்ணத்தையும் அடித்தகட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதுப் பூ மட்டும் போட்டால், கிழிந்த பாயில் புது மாப்பிள்ளையை உட்காரவைத்த கதை.

இதழ்களை எண்ணிப் பாருங்கள். ஆறில் ஒன்று குறைந்தால், 'சரி, புதுசு போட்டாச்சே' என்று மூடிவிடக் கூடாது. காணாமல்போன இதழ் எங்கே? தண்ணீரோடு மேலே ஏறி, குழாயிலோ சிலிண்டரைச் சுற்றின வழியிலோ சிக்கிக்கொண்டிருக்கும். அது கிடைக்கிறவரை தேட வேண்டும். ஆபரேஷன் முடிந்து கத்தரிக்கோலை எண்ணுகிற நர்ஸ் மாதிரி இதில் பிடிவாதம் வேண்டும்.

புதுசைப் பொருத்தும்போது சோப்புத் தண்ணீர் தடவி, என்ஜின் எந்தப் பக்கம் சுற்றுமோ அந்தப் பக்கமாகத் தண்டைத் திருப்பிக்கொண்டே கிண்ணத்தை இறக்க வேண்டும். பெரும்பாலான மோட்டார்களில் மேலிருந்து பார்த்தால் கடிகாரம் சுற்றுகிற திசை. எதிர்த் திசையில் திருப்பினால் இதழ்கள் தப்பான பக்கம் மடங்கும். தண்டுக்கும் பூவுக்கும் நடுவே சோளப்பொரி அளவில் ஒரு சாவிக்கட்டை இருக்கும். தரையில் விழுந்தால் கிடைக்காது. கீழே ஒரு வேட்டியை விரித்துக்கொண்டு வேலை செய்யுங்கள். மறுபடி மேலே தூக்கிப் பூட்டும்போது, தண்ணீர்க் குழாயின் நுனி பம்பின் ரப்பர் வாய்க்குள் சரியாக இறங்க வேண்டும். 'எல்லாம் புதுசு போட்டும் சொட்டுத் தண்ணி வரலையே சார்' என்பவர்களில் பலர் தவறவிட்டது இந்த இடம்தான்.

சரி, நடு ஆற்றிலேயே தாரை நின்றுவிட்டால்? புத்தகத்தில் போட்டிருப்பது, 'உடனே என்ஜினை நிறுத்தவும்.' நல்ல புத்தகம். ஆனால் எழுதினவர் கொள்ளிடத்தில் லட்சக்கணக்கான கன அடி போகும்போது படகில் உட்கார்ந்து எழுதவில்லை. படகில் எட்டுப் பேர். நேர் எதிரே பாலத்தூண். அப்போது நிறுத்தினால் என்ஜின் பிழைக்கும். என்ஜின் மட்டும்தான் பிழைக்கும்! ஆக்ஸிலேட்டரைக் குறைத்துக்கொண்டு, குறுக்கே சாய்வாகக் கரையைப் பார்த்து விடுவதுதான் சரி என்பது என் கட்சி. சிலிண்டர் சீஸ் ஆனால் ஆகட்டும். சீஸான என்ஜினுக்கு ஸ்டோர்ஸில் இண்டெண்ட் போட்டு வேறு வாங்கலாம், ஆறு மாதத்தில் வந்துவிடும். பாட்டிக்கு இண்டெண்ட் போட முடியாது. ஆகவே இரண்டு துடுப்பு, ஒரு நங்கூரம், நீளக் கயிறு இல்லாமல் வெள்ளத்தில் படகு இறங்கவே கூடாது. எதிரே தூண் கிண் எதுவும் இல்லாத அமைதியான இடமா? தாராளமாக நிறுத்துங்கள், புத்தகம் சொன்னபடியே.

வேலை முடிந்து திரும்பியதும் மறுபடி அந்த நீல டிரம், நல்ல தண்ணீர், பத்து நிமிஷம். உள்ளே ஒட்டின சேறு வெளியே வந்துவிடும். அப்புறம் மோட்டாரை நேராக நிமிர்த்தி நிறுத்துங்கள். மிச்சத் தண்ணீர் தானே வடிந்துவிடும். கடைசியாக, குளவி வாடகைக்கு வராமலிருக்கத் தாரை ஓட்டையில் ஒரு துணித் திரி செருகி வைப்பது நல்லது. அது சிவப்புத் துணியாக, ஒரு முழ நீளம் வெளியே தொங்குகிற மாதிரி இருக்கட்டும். இல்லாவிட்டால் அடுத்த வெள்ளத்தன்று அதை எடுக்க மறந்துவிட்டு, "என்னண்ணே, தண்ணியே அடிக்கல?" என்று நம்ம பேங்க் தம்பி மறுபடி முதல் பாராவிலிருந்து ஆரம்பிப்பான்.